குணம்: சுமார்

புத்தகத்தின் ஆறாம் பக்கத்தில்
நீல மசியில் இருக்கிறது:
குணம் – சுமார்.
அதற்கும் கீழே
இவரது சேவை இனித் தேவையில்லை.
கையெழுத்துப் போட்ட மேஜருக்கு
என் முகம் தெரியாது.
எழுத்து மட்டும் அத்தனை அழகு.

சோஹாரில், துறைமுகத்துக்குப் போகும் சாலையில்,
தொழிலாளர் முகாமின் இரும்புக் கேட்டை
இரவு எட்டு முதல் காலை எட்டு வரை
நான் பார்த்துக்கொள்கிறேன்.
'மிக நன்று' வாங்கிய மாஜி ராணுவத்தார்
ஆலைக்குள்ளே ஏசி அறையில் இருக்கிறார்கள்,
நாற்பது ரியால் கூடுதலாக.
சுமாருக்குக் கேட்டும் கொசுவும்.

நான் முழுநேரச் சிப்பாய் அல்ல.
வருஷத்துக்கு இரண்டு மாதம் கோவையில் பயிற்சி,
மீதி நாளெல்லாம் தூத்துக்குடியில் உப்பு லாரி.
கூப்பிட்டால் போகவேண்டும், அவ்வளவுதான் ஒப்பந்தம்.
ஐந்து முறை கூப்பிட்டார்கள்,
ஐந்து முறையும் முதல் ரயிலில் போய் இறங்கினேன்.
அடுத்த அழைப்புக்குள் திரும்பிவிடலாம் என்று
யாரிடமும் சொல்லாமல் விமானம் ஏறினேன்.
அது என் தப்பு. மனுவிலும் எழுதியிருக்கிறேன்.

பதிவுத்தபாலைப் பிலோமினா போனில் படித்தாள்,
தேதியை மட்டும் இரண்டு தரம்.
பாஸ்போர்ட் கம்பெனியின் இரும்புப்பெட்டியில்.
ஆபீஸ் வாசலில் பதினோரு நாள் நின்றேன்.
அர்பாப் துபாயில் என்றார்கள்.
சாவி அர்பாப்பிடம் என்றார்கள்.
பன்னிரண்டாம் நாள் அர்பாப் வந்தார்,
சாவியை மறந்துவிட்டு.
அங்கே மைதானத்தில்
யாரோ என் எண்ணை உரக்கச் சொல்லியிருப்பார்கள்,
மூன்று முறை.
பிறகு அடுத்த எண்.

பத்தொன்பது வருஷம் கழித்து மனு போடுகிறேன்.
பென்ஷன் உண்டா என்கிறாள் பிலோமினா.
இல்லை.
கேன்டீன் அட்டை?
இல்லை.
மூணு எழுத்தை மாத்தவா
வக்கீலுக்கு முப்பதாயிரம்?
ஆமாம் என்றேன். வைத்துவிட்டாள்.
மறுநாள் காலையில்
பணம் கட்டிய ரசீதைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள்,
ஒரு சொல்லும் இல்லாமல்.

பாஸ்போர்ட் எங்களிடம்தான் இருந்தது என்று
அவர்களே எழுதித் தரவேண்டுமாம்.
திருடனிடம் பில் கேட்பதுபோல.
கம்பெனி இருந்த கட்டடத்தில் இப்போது
தரைவிரிப்பு விற்கிறார்கள்.
அந்நாளைய கிளார்க் பீரான்கோயா
சஹமில் ஜூஸ் கடை வைத்திருக்கிறார் என்று
மீன் வண்டிக்காரன் ஒருவன் சொன்னான்.

வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த நேரம்.
என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது.
'சவரிமுத்து, உப்பு லாரி' என்றார்.
முலாம்பழம் அடித்து வைத்தார்.
கேட்டதைச் சொன்னேன்.
ரொம்ப நேரம் மிக்ஸியைக் கழுவினார்.
பிறகு பில் புத்தகத்தில் ஒரு தாளைத் திருப்பி
மலையாளத்தில் எழுதி, வாசித்தும் காட்டினார்:
பாஸ்போர்ட் பெட்டியில் இருந்தது.
கொடுக்காதே என்று அர்பாப் சொல்லியிருந்தார்.
சாவி என்னிடம்தான் இருந்தது.

பன்னிரண்டு நாளும் எனக்குத் தேநீர் தந்தவர் அவர்.

கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார்.
ஜூஸுக்குக் காசு வாங்கவில்லை.
அவருடைய குணத்துக்கு ஒரு கட்டம் இருந்து
என் கையில் தந்திருந்தால்
என்ன எழுதியிருப்பேனோ.
பஸ்ஸில் யோசித்தேன். வீடுகள், பேரீச்சைகள்,
மறுபடி வீடுகள். ஒன்றும் அகப்படவில்லை.

தாளை இனி மொழிபெயர்க்கவேண்டும்,
மஸ்கட்டில் முத்திரை வாங்கவேண்டும்.
ஒருநாள் சம்பளம் போகும்.

நேற்று இரவு பத்தரைக்கு
வெல்டர் தில் பகதூர் ஓடி வந்தான்,
ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.
பத்துக்கு மேல் வந்தால் 'தாமதம்' என்று எழுதவேண்டும்,
மூன்று தாமதத்துக்கு அரைநாள் கூலி வெட்டு.
அவனுக்கு இது மூன்றாவது.
அண்ணா, என்றான். தமிழில்.
கேமரா மேலே இருந்தது.
எழுதினேன்.
பேனா என்னிடம்தான் இருந்தது.